முள் சிக்கினால்

மார்ச் 9

பொழுது போகாததால் அல்ல, அக்கா. கடை முதலாளியும் அதைத்தான் கேட்டார், என் அம்மாவும் அதைத்தான் கேட்டாள், நீங்களும் கேட்பீர்கள். "பொழுது போகலைன்னா சினிமாவுக்குப் போயேன்மா" என்றார் முதலாளி. "மீனுதான் வேணும்னா சந்தையில கிடைக்குதே" என்றாள் அம்மா.

எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் தம்பி போய் ஐந்து மாதம் ஆகிறது. ஏரிக்கரையில் அவருக்கென்று ஓர் இடம் உண்டு. தூண்டில் சங்கம் அதை இந்தப் பருவம் முழுக்க எனக்காக வைத்திருக்கும். வீட்டார் யாராவது வந்து உட்கார்ந்து தூண்டில் போட்டால் இடம் வீட்டுக்கு. இல்லையென்றால் வரிசையில் காத்திருப்பவருக்கு.

வருடக்கணக்காக ஞாயிறுதோறும் அவர் போன இடம். நான் ஒருமுறைகூடப் போனதில்லை. ஞாயிறு எனக்குத் தூங்கும் நாள். சத்தம் வராமல் இருக்கக் கைப்பிடியை முழுதாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே கதவைச் சாத்துவார். சத்தம் வராததில்தான் எனக்கு விழிப்பு வரும். பிறகு மறுபடி தூங்கிவிடுவேன்.

அங்கே அவர் என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. தூண்டில் பிடித்த ஒரு மனிதன் காலையிலிருந்து மதியம்வரை எதையெல்லாம் செய்வான், எதைச் செய்யவே மாட்டான். அது எனக்குத் தெரியவேண்டும். அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள். கேட்பதற்கு வேறு ஆள் இல்லை.

நீங்கள் போனை எடுப்பதில்லை. "உன் குரல் வேண்டாம், ஏதாவது இருந்தா எழுது" என்று சொல்லிவிட்டுப் படகு ஏறினீர்கள். எழுதுகிறேன். அந்த நாளைப் பற்றி எழுதமாட்டேன். மீனைப் பற்றி மட்டும்.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். எது எதற்கு என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.


மார்ச் 22

உன் கடிதம் முந்தைய படகிலேயே வந்துவிட்டது. அப்போது பலூன் விடும் நேரம். பிறகு காற்று, பிறகு ஈரப்பதம், பிறகு மேகம். ஒரு தீவின் வானிலை நிலையத்தில் பதில் எழுதாமல் இருக்கக் காரணங்களுக்குப் பஞ்சமில்லை.

அந்த நாளைப் பற்றி நீ எழுதவேண்டாம். நான் எழுதுகிறேன். வாரத்துக்கு இரண்டு படகு. செய்தி வந்தபோது ஒன்று கிளம்பிப் போயிருந்தது. "அடுத்த படகுல வர்றேன், அதுவரைக்கும் வை" என்று உன்னிடம் சொன்னேன். நீ வைக்கவில்லை. நான் வந்து சேர்ந்தபோது கழுவிய தரையும் அடுக்கிய நாற்காலிகளும்தான் இருந்தன. மாரடைப்பில் கரையில் சாய்ந்த ஒருவனை இரண்டு நாள் வைத்திருக்க உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஒரு குளிர் அறை கிடையாதா? அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. எனக்கு இருந்தது ஒரே தம்பி.

இனி மீன்.

ரீல் வைத்த பெரிய கோலைத் தொடாதே. சின்னது போதும். கோலின் நுனியில் நைலான் நரம்பு, நரம்பில் தக்கை, தக்கைக்குக் கீழே ஈயக் குண்டு, கடைசியில் முள். முள் சிறியதாக இருக்கட்டும். சின்ன முள்ளில் பெரிய மீன் மாட்டும். பெரிய முள்ளில் சின்ன மீன் மாட்டாது.

முடிச்சு: முள்ளின் காதில் நரம்பைக் கோத்து, அதன்மேலேயே சில சுற்று முறுக்கி, காதுக்குப் பக்கத்து வளையத்துக்குள் நுனியைத் திருப்பி விடு. இறுக்குவதற்கு முன் எச்சில் தொடு. வறண்ட நரம்பு இறுகும்போது சூடாகித் தன்னையே பலவீனப்படுத்திக்கொள்ளும்.

தூர வீசாதே. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் மீன் ஏரியின் நடுவில்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். உன் காலடியில் இருக்கும், கோரைப்புல் ஓரத்தில். உன் நிழல் தண்ணீரில் விழாமல் உட்கார். இரை, மண்புழு. அருவருப்பாக இருந்தால் ரொட்டியைப் பிசைந்து உருட்டிக்கொள்.

தக்கை ஆடும். இழுக்காதே. மறுபடி ஆடும். இழுக்காதே. மீன் முதலில் உதட்டால் தொட்டுப் பார்க்கும். தக்கை முழுதாக மூழ்கினால், அல்லது பக்கவாட்டில் நகரத் தொடங்கினால், அப்போது மணிக்கட்டால் ஒரு சுண்டு. தோளால் அல்ல.

காத்திருப்பது உனக்கு வராது என்று நினைக்கிறேன். முயன்று பார்.


ஏப்ரல் 6

அக்கா,

முடிச்சு முதல்முறையே வந்துவிட்டது. ஊசியில் நூல் கோத்தே பழகிய கை. ஆனால் தையல்கடையில் எச்சில் தொடுவது கோப்பதற்கு முன்னால். அதில்தான் கொஞ்சம் தடுமாறினேன்.

மீதி எதுவும் வரவில்லை.

வலப்பக்கத்து இடத்தில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர். எல்லோரும் அவரைத் 'தொப்பி' என்கிறார்கள். தலையில் தொப்பி இல்லை. நான் முதல் அரைமணி நேரத்தில் எத்தனை முறை இழுத்தேனோ, அவர் கோலைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றார்.

"என்னம்மா, கிணத்துல தண்ணியா இறைக்கிற?"

"தக்கை ஆடுச்சுங்க."

"காத்து அடிச்சாக்கூட ஆடும். காத்தையும் பிடிச்சு வீட்டுக்குக் கொண்டுபோவியா?"

சிரித்துவிட்டேன். வெகுநாளுக்குப் பிறகு. உடனே யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

உங்கள் தம்பியைப் பற்றியும் சொன்னார். "உன் வீட்டுக்காரர் பேசவேமாட்டார். ஆனா கேப்பார். என் கதையை முழுசா கேட்ட ஒரே ஆளு. என் பொண்டாட்டி பாதியிலயே அடுப்பைப் பாக்கப் போயிடுவா." பிறகு, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு: "அன்னைக்கு மழைன்னு நான் வரல. வந்திருக்கணும்."

என் தக்கையைத் திரும்ப எடுத்துப் போட்டேன்.

இரண்டாவது ஞாயிறு காற்று என் தக்கையை இடப்பக்கம் கொண்டுபோயிற்று. அங்கே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. ஒரு கிளைதான் மேலே தெரியும், மற்றதெல்லாம் தண்ணீருக்குள். இழுத்தேன். கோல் வில்லாக வளைந்தது. பெரிய மீன் என்று எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏரியையே பிடிச்சிட்ட போ" என்றார் தொப்பி. "வெட்டி விடும்மா. ஒரு முள்ளு போனா என்ன, குடியா முழுகிடும்?"

என் கழுத்தில் எப்போதும் சின்னக் கத்தரி தொங்கும். எடுத்தேன். வெட்டுவதற்குள் ஏரிக் காவலாளி படகில் போய்ப் பிரித்துக்கொண்டு வந்தார். "இதுக்குத்தான் நான் இருக்கேன். உங்க வீட்டுக்காரர்தான் ஒருநாளும் கூப்பிட்டதில்ல" என்றார்.

ஒன்று கேட்கவேண்டும். பெட்டியில் கத்தி இல்லை, கத்தரி இல்லை, நகவெட்டிகூட இல்லை. இருக்கிற முட்கள் எல்லாம் பழையவை, வளைந்து, திரும்ப நிமிர்த்தப்பட்டவை. புது முள் பொட்டலம் ஒன்று பிரிக்கப்படாமலே கிடக்கிறது. இது ஏன்? முள் சிக்கினால் நீங்கள் இருவரும் என்ன செய்வீர்கள்?


ஏப்ரல் 19

தையல்காரி,

காற்றையும் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது என் உத்தியோகம். உன் தொப்பியிடம் சொல்.

முதலில் கேள்விக்குப் பதில். சிக்கினால் இழுக்காதே. இழுக்க இழுக்க முள் இன்னும் ஆழமாக ஏறும். நரம்பைத் தளர்த்து, கொஞ்சநேரம் சும்மா விடு. பிறகு கரையோரமாக நடந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்ல இழு. பாதி நேரம் வந்த வழியே கழன்று வந்துவிடும். வராவிட்டால் இறங்கி எடுக்கவேண்டும். அறுக்கக்கூடாது.

அவன் பெட்டியில் கத்தி இல்லாதது என்னால். முடிச்சின் மீதி நுனியைப் பல்லால் கடித்துத் துப்புவான். முன்பல்லின் ஓரத்தில் ஒரு சின்னப் பள்ளம் இருக்குமே, பார்த்திருப்பாய்.

எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு. எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டை. செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழி, மழைநீர் நின்று குட்டையானது. ஒருநாள் முள் சிக்கிவிட்டது. நேரமாகிவிட்டது என்று நான்தான் நரம்பை அறுத்தேன். அடுத்த வாரம் போனபோது அதே இடத்தில் ஒரு நீர்க்காகம். நரம்பு ஒரு சிறகைச் சுற்றி, கழுத்தைச் சுற்றி, மறுமுனை தண்ணீருக்குள். எத்தனை நாள் அப்படிக் கிடந்ததோ. கண் இல்லை. எறும்பு.

அவன் அழவில்லை. "இது நம்ம நரம்பா?" என்று மட்டும் கேட்டான். பச்சை நரம்பு, எங்களுடையதுதான். நான் அக்கா இல்லையா, ஏதாவது செய்யவேண்டும். அவன் கையைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி, "இனிமே அறுக்கமாட்டேன்னு சொல்லு" என்றேன். சொன்னான். நானும் சொன்னேன். அதன்பிறகு எது சிக்கினாலும் ஒருவர் இறங்குவோம். பெரும்பாலும் அவன். சட்டையைக்கூடக் கழற்றமாட்டான். ஒருமுறை பள்ளிக்கூடம் போகும் வழியில், காலணியோடு. அப்பாவிடம் இரண்டு பேரும் வாங்கினோம். அவன் ஈரக் காலுறையோடு நின்று, கையில் முள்ளைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

இதையெல்லாம் அவன் உன்னிடம் சொன்னதில்லையா? சொல்லியிருப்பான் என்றுதான் இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ரொட்டியைப் போடுகிறாயா, புழுவைப் போடுகிறாயா? எழுது.


ஏப்ரல் 30

அக்கா,

உங்கள் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்தபோது கீழே உட்கார்ந்திருந்தேன், வெட்டித் தைக்க வந்த காற்சட்டைகளின் நடுவில். "என்னம்மா, யாருக்காவது ஏதாவதா?" என்று முதலாளி ஓடிவந்தார். "இல்லைங்க" என்றேன்.

மீனைப் பற்றி இன்று எழுத முடியாது. சில கேள்விகள் மட்டும்.

வளர்ந்த பிறகும் அவர் அப்படிச் செய்தாரா? நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்திருக்கிறீர்களா? குளிர்காலத்திலும்? மழையிலும்? முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸோடும் இறங்குவாரா, அல்லது அதைக் கழற்றிவிட்டா? யாரும் பக்கத்தில் இல்லாதபோதும்?

யோசித்து, உண்மையானதை மட்டும் எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். அடுத்த படகிலேயே அனுப்புங்கள்.


மே 8

நீ தண்ணீரில் இறங்காதே.

நான் எழுதியதை மற. சிக்கினால் அறு. உன் கழுத்தில் தொங்குவது எதற்கு? அறுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ. அந்த மரத்துக்குப் பக்கத்தில் உட்காராதே. இடமே வேண்டாம், வரிசையில் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிடு.

உன் கேள்விகளுக்குப் பதில்: ஆமாம். என் கண்ணால் பார்த்தேன். உங்கள் கல்யாணத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் இங்கே தீவுக்கு வந்திருந்தான். பாறை இடுக்கில் சிக்கியது. "விடுடா, பைத்தியமா நீ" என்று நான் கத்தினேன். மேல்சட்டையோடு, பூட்ஸோடு இறங்கினான். பல் தந்தியடிக்க வெளியே வந்து, "நீதானே சொன்ன" என்றான். அதை நாங்கள் பிறகு எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறோம்.

இப்போது நான் கேட்கிறேன். இன்று காலையிலிருந்து எனக்கு எந்த எண்ணும் மண்டையில் ஏறவில்லை. காற்றின் திசையைத் தப்பாக அனுப்பி, மேலிடத்திலிருந்து திருப்பிக் கேட்டார்கள். பத்து வருடத்தில் இதுதான் முதல்முறை.

அவன் கரையில் சாய்ந்தான் என்றாய். மாரடைப்பு என்றாய். மாரடைப்பில் போனவனின் மனைவி பூட்ஸைப் பற்றி ஏன் கேட்கிறாள்?

மறைக்காமல் எழுது.


மே 17

அக்கா,

அவர் கரையில் சாய்ந்ததாக நான் சொன்னது பொய். அம்மாவும் முதலாளியும் நான் கேட்டுக்கொண்டபடியே உங்களிடம் சொன்னார்கள். அவர்கள்மேல் கோபப்படாதீர்கள்.

அன்று மழை. ஏரியில் வேறு யாரும் இல்லை. மதியம் வரவில்லை. மறுநாள் மதியத்துக்குமேல் காவலாளி அந்த மரத்துக்கு அந்தப் பக்கம் கண்டுபிடித்தார். நரம்பு மணிக்கட்டைச் சுற்றி இருந்தது. பூட்ஸில் நிறையத் தண்ணீர்.

அடையாளம் காட்ட என்னைக் கூப்பிட்டார்கள். சட்டையைப் பார்த்துச் சொன்னால் போதும் என்றார்கள், கீழ்மடிப்பு நான் தைத்தது. நான்தான் முகத்தையும் பார்க்கவேண்டும் என்றேன். பார்த்தேன். ஒரு பகலும் ஓர் இரவும் மீன்களுள்ள தண்ணீரில் இருந்த முகம் அது. இதற்குமேல் எழுதமாட்டேன். நீங்கள் "வை" என்று சொன்னபோது நான் அந்த அறையிலிருந்து வந்து கொஞ்சநேரம்தான் ஆகியிருந்தது. பார்த்தவள் ஒருத்தி போதும் என்று நினைத்தேன். அதற்காகத்தான் காத்திருக்கவில்லை.

அது பாதிதான்.

மறுபாதி. அந்த வருடம் அவர் பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. அலுவலகத்தில் அவர் மேசையை மாடிப்படிக்குக் கீழே தூக்கிப் போட்டிருந்தார்கள். வரைபடம் வரைகிறவருக்கு வெளிச்சம் இல்லாத இடம். வீட்டில் வந்து எதுவும் சொல்லவில்லை. சாப்பிட்டு முடித்த தட்டின் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். "என்ன?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். நான் அதற்குமேல் கேட்கவில்லை, காலையில் கடைக்குப் போகவேண்டும்.

நன்றாக நீந்தத் தெரிந்த மனிதர், குளிரில், மழையில், யாரும் இல்லாதபோது, துணியோடும் பூட்ஸோடும் தானாக ஏரிக்குள் நடந்து போகிறார். அதற்கு எனக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை. போலீஸ்காரர் "கால் வழுக்கியிருக்கும்மா" என்றபோது தலையாட்டினேன். தண்ணீரில் போனார் என்று உங்களிடம் சொன்னால் "ஏன் இறங்கினான்?" என்று கேட்பீர்கள். என்னிடம் இருந்த ஒரே பதிலை அவருடைய அக்காவிடம் எப்படிச் சொல்வேன்? மாரடைப்பு என்றேன்.

அதனால்தான் தூண்டில் போடக் கேட்டேன். ஒரு மனிதன் ஏரிக்குள் இறங்க வேறு காரணம் உண்டா என்று தெரிந்துகொள்ள. ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கிளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதுவும் தெரியவில்லை. பிறகு உங்கள் நீர்க்காகம் வந்தது.

பிணவறையில் வேலை செய்பவர் காகிதத்தில் எதையோ சுற்றி என்னிடம் கொடுத்திருந்தார். "கைக்குள்ள மூடி வச்சிருந்தார்மா. பிரிக்கக் கஷ்டப்பட்டோம்." ஒரு முள். அதை வைத்து நான் என்னென்னமோ நினைத்தேன். எப்படி நினைத்தாலும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தது.

இப்போது தெரிகிறது. அவர் அதை எடுத்துவிட்டார், அக்கா. கிளையிலிருந்து கழற்றிவிட்டார். கையில் பிடித்துக்கொண்டு திரும்பிக் கரைக்கு வந்துகொண்டிருந்தார்.

இதை உங்களிடம் சொல்லாமல் விடத்தான் முதலில் நினைத்தேன். எனக்கு இது என்ன செய்கிறதோ அதற்கு நேர் எதிரானதை உங்களுக்குச் செய்யும் என்று தெரியும். நீங்கள் மறைக்காதே என்றீர்கள். ஏழு மாதமாக நான் என்னை விட்டுப் போன ஒருவரோடு இந்த வீட்டில் இருந்தேன். இப்போது செத்துப்போன ஒருவரோடு இருக்கிறேன். அது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று உங்களுக்கு எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை. அதைக் கொடுத்தது நீங்கள்.

கோபம் என்றால் கோபமாகவே எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருக்காதீர்கள்.


மே 29

எழுதிக் கிழித்தது மேசைக்குக் கீழே கிடக்கிறது. இது கிழிக்காதது. அவ்வளவுதான் இதன் தகுதி.

எனக்கு நீ நன்றி சொல்லியிருக்கிறாய். அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வைத்த இடத்திலெல்லாம் தட்டுப்படுகிறது.

பத்து வயதில் ஒரு பறவையைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னது. பயந்தது நான். சத்தியம் செய்தது அவன். முப்பது வருடத்தில் எந்த நாளிலாவது "போதும்டா, நீ அறுத்துக்கோ" என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் பேச்சை இன்னும் கேட்கிற ஒருவன்.

நீ தற்கொலை என்ற சொல்லை எழுதவே இல்லை. கவனித்தேன். அத்தனை மாதம் அதைத் தனியாகத் தூக்கிக்கொண்டு, கழுவிய தரையைப் பற்றி நான் பேசியதையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறாய். "காத்திருப்பது உனக்கு வராது" என்று எழுதிய கை இது.

வருகிறேன் என்று எழுத முடியவில்லை. வரமாட்டேன் என்றும் எழுதவில்லை. இங்கே தினமும் படகுத்துறைவரை போகிறேன். தண்ணீரைப் பார்க்கிறேன். திரும்பி வருகிறேன். இப்போதைக்கு இவ்வளவு.

முகத்தைப் பற்றி இனி எப்போதும் உன்னைக் கேட்கமாட்டேன். அன்று போட்டிருந்த சட்டை என்ன நிறம் என்று மட்டும் எழுது.


ஜூன் 8

அக்கா,

சாம்பல் நிறம். முழுக்கை. காலர் நைந்துபோய், உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைத்துக் கொடுத்திருந்தேன். இரண்டாவது பட்டன் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி, நான்கு துளைக்குப் பதில் இரண்டு துளை. அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்று, "தையல்கடைக்காரி புருஷனுக்கே இந்தக் கதியா?" என்றார். அந்த வருடம் அவர் சொன்ன ஒரே ஒரு கிண்டல் அது.

உங்களுக்குப் படகுத்துறை. எனக்கு அந்தக் கிளை. போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவது போதும் என்றுதான் எனக்கும் படுகிறது.

இதுவரை எழுதி, ஒட்டாமல் பையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். மதியம்வரை உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் கடிக்கவில்லை. தொப்பி அவருடைய மூத்த மருமகனைப் பற்றி ஒரு நீளக் கதை சொன்னார், முழுதாகக் கேட்டேன். வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, சாப்பிட்டேன்.